மலையில ஓட்ட ஒரு சின்ன கார், ஆறரை லட்சத்துக்குள்ள

கார் ரிவ்யூ வீடியோ எல்லாம் எங்க எடுக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா, பாதி ஈசிஆர்ல, மீதி ஏதாவது நாலுவழிச் சாலையில. அதுல "பிக்கப் தாராளம், ஃபேமிலிக்கு போதும்"னு சொல்றது சமவெளிக்காரங்களுக்கு சரி. எங்க கோத்தகிரில வண்டி வச்சு ஓட்டப்போறவங்களுக்கு அது பாதி தகவல் கூட இல்லீங்க. கொஞ்ச மாசமா எங்க வீட்ல புது கார் பேச்சுதான், ரோடு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு ஆறரை லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபா கூட கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டு அலைஞ்சதுல தெரிஞ்சுகிட்டத எல்லாம் இங்க எழுதி வைக்கிறேன், குன்னூர், ஊட்டி, கூடலூர், கொடைக்கானல்னு மலையில இருக்கற யாருக்காவது உதவட்டும்.

கார் எதுக்குன்னா, அம்மாவுக்கு கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரி. பஸ்ல போனா மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள அவங்களுக்கு தலைசுத்தி வாந்தி வந்துடும், டாக்ஸி வச்சா ஒவ்வொரு தடவையும் போக வர வாடகை, வெயிட்டிங், டிரைவர் சாப்பாடுன்னு ஒரு தொகை போயிடுது. நான், மனைவி, அப்பா, அம்மா, பொண்ணு, ஆக அஞ்சு பேர் உக்காந்து மலை ஏறி இறங்கற வண்டி வேணும். வருமானம் என் சம்பளமும் அப்பா பாத்துக்கற கொஞ்சம் தேயிலையும். பனிக்காலத்துல இலை வராது, வர்ற மாசத்துலயும் பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால இஎம்ஐய இலை காசு வராத மாசத்த வச்சுதான் கணக்கு போடணும்னு அப்பா முதல்லயே சொல்லிட்டாரு. அவர் சொன்னது ரொம்ப சரி.

முதல்ல இன்ஜின். மேல ஏற ஏற காத்து லேசாகும்ல, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் சுமாரா 100 மீட்டர் உயரத்துக்கு 1 சதவீதம் பவர விட்டுடும். கோத்தகிரி 1,800 மீட்டர் பக்கம், ஊட்டி 2,200க்கும் மேல. அதாவது பவர் 67 பிஎஸ்னு போட்டிருக்கற ஆல்டோ கே10 இன்ஜின் எங்க ஊர்ல 55 பிஎஸ் மாதிரிதான், 86 பிஎஸ் டியாகோ 70 பிஎஸ் மாதிரி. அப்ப பெரிய இன்ஜின்தானே நல்லதுன்னு தோணும், ஆனா ஆல்டோ எடை முக்கால் டன்தான், டியாகோ 950 கிலோவுக்கு பக்கத்துல. டிரைவர் மட்டும் உக்காந்து போனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஏறும், சொல்லப்போனா ஆல்டோ துறுதுறுன்னு இருக்கும். ஆளேத்தினாதான் கதை மாறுது. அஞ்சு பேர், கூட பைன்னு 300 கிலோ ஏறுச்சுன்னா லேசான வண்டிக்கு அது தன் எடையில பாதிக்கு கொஞ்சம் கம்மி, கனமான வண்டிக்கு மூணுல ஒரு பங்குதான். டார்க், அதாவது இழுக்கற பலம், வேற ஆல்டோல 89, டியாகோல 113 நியூட்டன் மீட்டர். ரெண்டு பேர் மட்டும் இருக்கற வீட்டுக்கு 1000 சிசி தாராளமா போதும்னு நான் நம்பறேன், மேல ஓடற பழைய ஆல்டோ, 800 எல்லாம் அதுக்கு சாட்சி, நம்ம ஊர்ல தோட்டத்துக்குள்ள வரைக்கும் போறது அதுதானே. அஞ்சு பேர் சேந்து அடிக்கடி மலை ஏறணும்னா 1200 சிசி பக்கம் பாருங்க. டியாகோ, வேகன்ஆர் 1.2, கிராண்ட் ஐ10 நியோஸ் எல்லாம் அந்த வகை.

இத படிச்சு தெரிஞ்சுக்கறது வேற, ஓட்டிப் பாத்து தெரிஞ்சுக்கறது வேற. ஒரு ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ் கேட்டப்ப சமமான ரோட்ல போய் யூடர்ன் போட்டு கூட்டிட்டு வந்துட்டாங்க, ஏசிய காட்டுனாங்க, பாட்டு போட்டு காட்டுனாங்க. அதுல ஒண்ணுமே தெரியாது. இன்னொரு எடத்துல நான் கேட்டேன், "தம்பி, எங்க வீட்ல எல்லாரும் ஏறிக்கறோம், ஒரு நல்ல மேடு பாத்து போலாம்"னு. அந்த தம்பி முகம் சுளிக்காம கூட்டிட்டு போனாரு. மேட்டுல பாதி ஏறுனதும் வண்டிய சுத்தமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளப்பி பாருங்க. பின்னால உருளுதா, கிளட்ச் வாசனை வருதா, எவ்வளவு ஆக்சிலேட்டர் குடுத்தா நகருது, இதுல தெரியறது பத்து வீடியோல தெரியாது. அப்புறம் செகண்ட் கியர்ல ஒரு வளைவு ஏறி பாருங்க, செகண்ட்ல இழுக்காம ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் ஃபர்ஸ்ட்டுக்கு வரணும்னா மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்ல 14 வளைவும் முடியறதுக்குள்ள இடது கால் வலி எடுத்துடும், முன்னால டூரிஸ்ட் பஸ் வேற ஊர்ந்துட்டு இருந்தா சொல்லவே வேணாம்.

எங்க வீட்டு பக்கத்துல ஒரு டாக்ஸி அண்ணன் இருக்காரு, இந்த ரோட்ல ரொம்ப வருஷமா ஓட்டறவரு. அவர்கிட்ட கேட்டா, "ஏறுறத விடு தம்பி, எந்த வண்டியும் எப்படியாவது ஏறிடும், எறங்கும்போது எப்படி இருக்குன்னு பாரு"ன்னாரு. இறங்கும்போது செகண்ட்ல போட்டு விட்டா இன்ஜினே வண்டிய புடிக்கணும், பிரேக்க தொட்டு தொட்டு விட்டா போதும்ங்கற நிலை இருக்கணும். கீழ இருந்து வர்றவங்க நியூட்ரல்ல விட்டு, இல்ல நாலாவது கியர்ல பிரேக்க மிதிச்சுகிட்டே இறங்கி, குஞ்சப்பனை செக்போஸ்ட் வர்றதுக்குள்ள வீல்ல புகை வர்றத எத்தனை தடவை பாத்திருக்கோம். இந்த விலையில வர்ற சின்ன கார்கள்ல முன்னால டிஸ்க், பின்னால டிரம், அது எல்லாத்துலயும் அப்படித்தான், அதனால பிரேக்க காப்பாத்தறது நம்ம கியர்தான்.

அதனாலதான் ஏஎம்டி, அதாவது வண்டியே கியர் மாத்திக்கற மாடல், வேணாம்னு முடிவு பண்ணோம். கிளட்ச் மிதிக்க வேணாம்ங்கறது ட்ராஃபிக்ல நிம்மதிதான், ஆனா வளைவு நடுவுல அதுவா மேல் கியர் போட்டு, இழுக்காம, திரும்ப கீழ கியர் போடற அந்த ஒரு நொடி தயக்கம் எனக்கு புடிக்கல. மேனுவல் மோட் இருக்கு, மலையில அதுல வச்சு ஓட்டலாம், முட்டி வலி இருக்கறவங்களுக்கு அது நல்ல வழியும் கூட. ஆனா நாமளே கியர் மாத்தி ஓட்டறதுக்கு கூட ஒரு அரை லட்சம் எதுக்கு. சிஎன்ஜிய பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, மைலேஜ் நல்லா இருக்கும், ஆனா அதே 1000 சிசி இன்ஜின் சிஎன்ஜில 67ல இருந்து 57 பிஎஸ்க்கு வந்துடுது, அதுக்கு மேல உயரத்துல போற பவர் வேற, சிலிண்டர் எடை வேற, டிக்கிய சிலிண்டர் புடிச்சுக்கும். சமவெளில தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு அது. எலக்ட்ரிக் மேல எனக்கு உண்மையிலேயே ஆசை, உயரத்தால பவர் குறையாது, இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகும், மலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா விலை எங்க கைக்கு எட்டல, அதோட எங்க வீடு ரோட்ல இருந்து படி இறங்கி போகணும், வண்டி நிக்கறது மேல ரோட்டோரத்துல, அங்க வரைக்கும் சார்ஜ் வயர் எப்படி இழுக்கறது.

இந்த ரோட்டோர பார்க்கிங்தான் அடுத்த விஷயம். நீலகிரில பாதி வீடு இப்படித்தான், வண்டிய ஒரு பக்கம் மண் திட்டு, ஒரு பக்கம் பஸ் போற ரோடுன்னு நடுவுல ஒட்டி நிறுத்தணும். அதனால நான் அகலத்த டேப் வச்சே அளந்தேன், கேட்டலாக்லயும் பாத்தேன். ஆல்டோ 1,490 மில்லிமீட்டர், க்விட் 1,579, வேகன்ஆர் 1,620, டியாகோ 1,677, பஞ்ச் 1,742. ஆல்டோவுக்கும் பஞ்சுக்கும் கால் மீட்டர் வித்தியாசம், எங்க தெருவுல அந்த கால் மீட்டர் பெரிய விஷயம். சொந்தக்காரங்க எல்லாம் ஒரே குரல்ல "கொஞ்சம் காச போட்டு எஸ்யூவி மாதிரி எடுத்துடு, மலைக்கு அதான் சரி"ன்னாங்க, மாமா ஒருத்தர் பஞ்ச் பேஸ் வேரியன்ட் விலைய போன்லயே அனுப்பிட்டாரு. நல்ல வண்டிதான், பாதுகாப்பு டெஸ்ட்ல 5 ஸ்டார் வாங்குன வண்டி, கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, 187 மில்லிமீட்டர். ஆனா அதுலயும் டியாகோலயும் இருக்கறது அதே 1,199 சிசி இன்ஜின்தான், அத இன்னும் கனமான பாடியில வச்சிருக்காங்க, மேடு ஏற நமக்கு வேண்டியது அதுக்கு எதிர். கிரவுண்ட் கிளியரன்ஸ் எஸ்டேட் ரோட்ல தினம் போறவங்களுக்கு கட்டாயம் வேணும், அப்படின்னா 184 இருக்கற க்விட்டயும் பாக்கலாம், டிக்கியும் 279 லிட்டர் இருக்கு. எங்களுக்கு தார் ரோடுதான், 170 போதும்.

இப்ப ஏசி. மலைக்காரங்க நிறைய பேர் "நம்ம ஊருக்கு எதுக்கு ஏசி"ன்னு ஏசி இல்லாத ஸ்டாண்டர்டு வேரியன்ட் எடுத்துடறாங்க, எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு. வேணாங்க, தயவுசெஞ்சு. குளிருக்காக இல்ல, கண்ணாடிக்காக. ஐப்பசி மழையில அரவேனு பக்கம் போறீங்கன்னு வச்சுக்குங்க, வெளிய மூடுபனி, மழைன்னு ஜன்னல் எல்லாம் ஏத்தி விட்டிருப்பீங்க, உள்ள அஞ்சு பேர் மூச்சு விடறாங்க, ரெண்டு நிமிஷத்துல முன் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துடும். துணி வச்சு துடைச்சா துடைச்ச எடத்துல கோடு கோடா தண்ணி நிக்கும், எதிர்ல வர்ற வண்டி லைட் அந்த தண்ணில பட்டு செதறி ரோடே தெரியாது, துடைக்கறதுக்குள்ள திரும்பவும் மூடும். ஏசிய போட்டு காத்த கண்ணாடி பக்கம் திருப்புனா அரை நிமிஷத்துல கீழ இருந்து மேல அப்படியே தெளிஞ்சுட்டு வரும், ஏன்னா ஏசி குளிர மட்டும் குடுக்கறதில்ல, காத்துல இருக்கற ஈரத்த இழுத்துடுது. குளிர் அடிச்சா ஹீட்டரையும் சேத்து போட்டுக்கலாம், ரெண்டும் ஒண்ணா வேலை செய்யும். காட்டுமாடு நடு ரோட்ல அசையாம நிக்கற ஊருங்க நம்மது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கண்ணாடி தெளிவா இருக்கறது உயிர் சமாச்சாரம். பின்னால வைப்பரும், கண்ணாடிய சூடாக்கி ஈரத்த போக்கற டிஃபாகரும் இருந்தா இன்னும் நல்லது, அது பல வண்டிகள்ல மேல் வேரியன்ட்லதான் வருது, எங்க பட்ஜெட்ல அத விட்டுக்குடுக்க வேண்டியதாச்சு.

மனைவி சொன்ன ஒரு பாயின்ட் இங்க சேத்துக்கறேன். பேஸ் மாடல் எடுத்துட்டு வெளிய பாட்டு செட்டு, சென்ட்ரல் லாக், பவர் விண்டோ எல்லாம் போட்டுக்கலாம்னு நான் சொன்னதுக்கு, "ஏங்க, புது வண்டி வயரிங்க வெட்டி ஒட்டுனா அப்புறம் எலக்ட்ரிக்கல்ல ஏதாவதுன்னா வாரண்டி கேக்க முடியுமா, ஈரம் வேற இந்த ஊர்ல"ன்னாங்க. உண்மைதான், வயர வெட்டுனா அந்த பாகத்துக்கு வாரண்டி இல்லன்னு சொல்ல கம்பெனிக்கு காரணம் கிடைச்சுடும். அதனால பெரிய வண்டியோட பேஸ் மாடலா, சின்ன வண்டியோட நடு மாடலான்னு வந்தா எங்க வீட்டு ஓட்டு நடு மாடலுக்குத்தான்.

பாதுகாப்பு பத்தி நேரா பேசிடறேன். வண்டிய மோத விட்டு பாக்கற குளோபல் என்கேப் டெஸ்ட்ல டியாகோ 2020ல பெரியவங்க பாதுகாப்புக்கு 4 ஸ்டார் வாங்குச்சு. 2023ல ஆல்டோ கே10 2 ஸ்டார், வேகன்ஆர் 1 ஸ்டார். அப்ப ஆல்டோ, வேகன்ஆர் ரெண்டுலயும் 2 ஏர்பேக், இப்ப 6 ஏர்பேக் வருது, அது முன்னேற்றம்தான், ஆனா ஏர்பேக் எண்ணிக்கைய மட்டும் வச்சு பழைய ஸ்டார் மாறிடும்னு சொல்ல முடியாது, திரும்ப டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். மேலயே சுத்தறவங்க முப்பது நாப்பதுலதான் போவாங்க, அவங்களுக்கு இந்த கணக்கு கொஞ்சம் வேற. நாங்க மேட்டுப்பாளையம் தாண்டி கோயம்புத்தூர் ரோட்ல லாரிக்கு நடுவுல போகணும், பின் சீட்ல அம்மாவும் பொண்ணும். என் மனசு இங்கதான் டியாகோ பக்கமா சாஞ்சுடுச்சு, அதுக்கப்புறம் நான் பாத்த மத்த கணக்கெல்லாம் அத எப்படி பட்ஜெட்டுக்குள்ள கொண்டுவர்றதுன்னுதான்.

காசு கணக்குக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார்களுக்கு வரி குறைஞ்சது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பெரிய விஷயம். 4 மீட்டர் நீளத்துக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு முன்ன 28 சதவீதம் ஜிஎஸ்டி, 1 சதவீதம் செஸ், இப்ப மொத்தமே 18. வரியோட 5 லட்சம் இருந்த வண்டில கணக்குப்படி 42,000 ரூபாக்கு மேல குறையணும். அந்த சமயத்துல ரோடு வரி, இன்சூரன்ஸ் சேக்காத எக்ஸ்ஷோரூம் ஆரம்ப விலைன்னு பாத்தா எஸ்பிரெஸ்ஸோ மூணரை லட்சம், ஆல்டோ 3.70, க்விட் 4.30, டியாகோ 4.57, வேகன்ஆர் 5 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. அதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க அப்பப்ப மாத்தறாங்க, வாங்கற மாசம் என்ன விலைன்னு கேட்டுக்குங்க.

ஆனா எக்ஸ்ஷோரூம் விலைய வச்சு கனவு காணாதீங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து வாழ்நாள் வரி 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். 5.30 லட்சம் வண்டின்னா வரி மட்டுமே 69,000 பக்கம் வந்துடும். அதோட இன்சூரன்ஸ். நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி புது காருக்கு 3 வருஷம் கட்டாயம், 1000 சிசிக்குள்ளன்னா 6,521 ரூபா, அதுக்கு மேல 1500 வரைக்கும் 10,640, இதுக்கு மேல ஜிஎஸ்டி. ஆல்டோ 998, க்விட் 999 சிசி, ஏன் இப்படி ஒண்ணு ரெண்டு கம்மியா இருக்குன்னு யோசிச்சா அந்த ஸ்லாபுக்குள்ள வர்றது நமக்கு லாபம்தான். சொந்த வண்டி சேதத்துக்கான பாலிசி தனி. இன்சூரன்ஸ ஷோரூம்லயேதான் எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல, நான் வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கி அதே கவரேஜுக்கு காட்டுனதும் ஷோரூம்லயே குறைச்சாங்க. கொட்டேஷன்ல ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இருந்துச்சு, அது எதுக்குன்னு கேட்டேன், சரியா பதில் வரல, எடுத்துடுங்கன்னேன், எடுத்துட்டாங்க. ஆக்சசரி பேக்கேஜும் அப்படித்தான், மேட்டும் மட்ஃப்ளாப்பும் போதும், மலை மழைக்கு மட்ஃப்ளாப் கட்டாயம் போடுங்க.

லோன்ல எல்லாரும் ஏழு வருஷம் போட்டுக்க சொல்றாங்க, இஎம்ஐ கம்மியா தெரியும்ங்கறதால. 4 லட்சம் லோன், 9 சதவீத வட்டின்னு வைங்க. அஞ்சு வருஷத்துக்கு மாசம் 8,300 ரூபா, மொத்த வட்டி 98,000 பக்கம். ஏழு வருஷம்னா மாசம் 6,440, ஆனா வட்டி 1,40,000க்கு மேல. மாசம் 1,860 ரூபா குறைக்கறதுக்கு 42,000 ரூபா கூட கட்டறோம், வரி குறைஞ்சதுல கிடைச்ச லாபம் அப்படியே பேங்குக்கு போகுது. எங்களுக்கு 8,300 இலை வராத மாசத்துலயும் கட்ட முடியற தொகை, அதனால அஞ்சு வருஷம். உங்களுக்கு முடியலன்னா லோன் வருஷத்த நீட்டறதுக்கு பதிலா வண்டிய ஒரு படி குறைங்க, ஆல்டோவோட நடு வேரியன்ட் ஒண்ணும் மட்டமான வண்டி இல்ல, நம்ம ரோட்டுக்கு 4.5 மீட்டர் டர்னிங் ரேடியஸ் அதுல ஒரு வரம்.

சர்வீஸ் எங்கன்னும் பாத்துட்டு வாங்குங்க. மேலயே கம்பெனி சர்வீஸ் இருக்கா, இல்ல ஒவ்வொரு தடவையும் மேட்டுப்பாளையம் இறங்கணுமா, இறங்கணும்னா ஒரு நாள் லீவு, போக வர பெட்ரோல் எல்லாம் சேத்துதான் அந்த வண்டியோட செலவு. வாரண்டிக்கு அப்புறம் நம்ம ஊர் மெக்கானிக்குக்கு அந்த வண்டி பழக்கமான்னும் கேட்டு வைங்க, நான் கோத்தகிரி டானிங்டன் பக்கம் ரெண்டு மெக்கானிக்க கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணேன்.

கடைசில டியாகோ பெட்ரோல் மேனுவல், நடு வேரியன்ட் புக் பண்ணியாச்சு. ஆன்ரோடு ஆறரைக்குள்ள வந்துடுச்சு. கோயம்புத்தூர் ஷோரூம்ல எடுக்கறவங்க ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ரிஜிஸ்ட்ரேஷன் நம்ம அட்ரஸ்ல ஊட்டி ஆர்டிஓ டிஎன் 43 வர்ற மாதிரி முன்னாடியே சொல்லி வைங்க. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் இருக்குல்ல, உள்ளூர் டிஎன் 43 வண்டிக்கு அது வேண்டியதில்ல, வெளியூர் நம்பர வாங்கிட்டு சொந்த வீட்டுக்கு போக பாஸ் காட்டிட்டு நிக்க வேணாம். டெலிவரிக்கு முன்னாடி வண்டி தயாரான மாசம், ஓடோமீட்டர், டயர் தேதி, கதவு ஓரத்துல பெயின்ட் இதெல்லாம் பகல் வெளிச்சத்துல பாக்கணும்னு சொல்லியிருக்கேன், டாக்ஸி அண்ணன் கூட வர்றேன்னிருக்காரு. முதல் சர்வீஸ் முடிஞ்சதும் அஞ்சு பேரோட ஏறும்போது மைலேஜ் எவ்வளவு, தனியா போனா எவ்வளவுன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதறேன்.